லண்டன் பீன்ஸும் எங்கள் கௌபியும்
காசுக்குப் பெறுமதியான உணவைத் தெரிவு செய்வது எப்படி?



எங்கள் அயலில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். இறுதி யுத்தத்தின்போது அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. 2009இல் முகாமில் மாதக்கணக்காக நிவாரணப் பருப்பும் மாவும் சாப்பிட்டு வளர்ந்தவள். இன்று கணவரையும் இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தோட்டக் கூலி வேலை செய்து தனியாக வளர்க்கிறாள். பருப்பைக் கண்டாலே முகாமின் மணம் வருகிறது என்று சொல்லுவாள். அதனால் அவளுடைய வீட்டில் பருப்பு அடுப்பேறுவது குறைவு.

கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து அவளுடைய கணவரின் அக்கா வந்திருந்தார். வரும்போது கொண்டுவந்த பேக்ட் பீன்ஸ் பேணி ஒன்றை உடைத்து, பாணுடன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தக்காளிச் சாற்றில் மிதக்கும் இனிப்பான அந்தப் பயறு மூத்தவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமி திரும்பிப் போன பிறகும் "அம்மா, லண்டன் பீன்ஸ்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் பின்னேரம் தங்கச்சி பேணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நகரத்துச் சுப்பர் மார்க்கெற்றில் வாங்கியது. விலை, அவளுடைய அரைநாள் கூலிக்குக் கிட்ட.

"அக்கா, பிள்ளை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. கேட்டதை வாங்கிக் குடுக்காட்டி நான் என்ன தாய்? கிளினிக்கிலயும் இளையவளுக்கு நிறை காணாது, பயறு வகை கூட்டிக் குடுங்கோ எண்டு மிஸ்ஸி சொன்னவ. இதுவும் பயறுதானே?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளையின் ஆசையிலும் தவறில்லை, தாயின் மனதிலும் தவறில்லை. ஆனால் அந்த அரைநாள் கூலிக்கு அவள் வாங்கியது என்ன? இருவரும் திண்ணையில் இருந்து பேணியின் சுட்டுத்துண்டை வாசித்தோம். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

பேணிக்குள் இருப்பது என்ன?

பேக்ட் பீன்ஸ் என்பது நாம் கறி வைக்கும் பச்சைப் போஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடியின் முற்றிய விதைதான். சிறிய வெள்ளை விதை. பெரும்பாலும் வட அமெரிக்காவில் விளைகிறது. அதை அவித்து, தக்காளிச் சாறு, சீனி, உப்பு சேர்த்துப் பேணியில் அடைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் வழமையாக விற்கப்படும் பேணி ஒன்று 400 கிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் பயறு. மிகுதி தக்காளிச் சாறும் தண்ணீரும். இந்தப் பீன்ஸ் 100 கிராமில் உள்ள புரதம் சுமார் 5 கிராம். ஆகவே முழுப் பேணியிலும் கிடைப்பது சுமார் 20 கிராம் புரதம்.

இனி எங்கள் கௌபியைப் பார்ப்போம். காய்ந்த கௌபி 100 கிராமில் 23 அல்லது 24 கிராம் புரதம் இருக்கிறது. அதாவது ஒரு பேணி பீன்ஸில் கிடைக்கும் புரதம், அரைக் கோப்பை காய்ந்த கௌபியில் கிடைத்துவிடுகிறது. ஒரு கிலோ கௌபியில் பதினொரு, பன்னிரண்டு பேணிகளின் புரதம் உண்டு. தங்கச்சி அந்தப் பேணிக்குக் கொடுத்த காசுக்கு, அன்றைக்குச் சங்கக்கடையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கௌபி வாங்கியிருக்கலாம்.

இதைக் கேட்டதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் தண்ணிக்கும் தகரத்துக்குமா காசு குடுத்தனான்?" என்று கேட்டாள்.

முழுவதும் அப்படியல்ல. பேணியிலுள்ள பயறு நல்ல உணவுதான். நார்ச்சத்தும் இருக்கிறது. ஏற்கெனவே வெந்தது, விறகோ காஸோ அதிகம் தேவையில்லை. ஆனால் ஒரு முழுப் பேணியில் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் உப்பும், நான்கு தேக்கரண்டி அளவு சீனியும் இருக்கலாம். வளர்ந்த ஒருவரே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. எனவே இது இடைக்கிடை உண்ணலாமே தவிர, நிறை குறைந்த பிள்ளைக்கு நாள்தோறும் கொடுக்கும் சத்துணவு ஆகாது.

மாமி சொன்ன இரகசியம்

அன்றிரவு லண்டன் மாமி தொலைபேசியில் பேசினார். தங்கச்சி பேணிக் கதையைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

"ஐயோ பிள்ளை, இஞ்ச நாங்கள் பேர் போன பேணி வாங்கிறதே இல்லை. கடைக்காரன் தன்ர பேரில விக்கிற மலிவுப் பேணிதான். மாதக் கடைசியில காசு முடிஞ்சா பாணும் அதுவும்தான் சாப்பாடு. உங்களுக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான் பேர் போனதைக் கொண்டுவந்தனான்."

இங்கே விலை உயர்ந்த வெளிநாட்டுச் சாப்பாடு, அங்கே கைச்செலவுக்குத் திண்டாடும் குடும்பத்தின் சாப்பாடு! இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் இந்தப் பீன்ஸை அத்தியாவசிய உணவுப் பட்டியலில் சேர்த்திருந்தது. எங்களுக்கு நிவாரணப் பருப்பு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

மாமி சொன்னதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பெரிய சுப்பர் மார்க்கெற்றுகள் சில பொருட்களை வேறு தொழிற்சாலைகளில் செய்வித்து, தமது கடையின் பெயரை ஒட்டி விற்கின்றன. தொலைக்காட்சி விளம்பரம், பரிசுத் திட்டம் போன்ற செலவுகள் இவற்றுக்குக் குறைவு. அதனால் விலையும் பெரும்பாலும் குறைவு. இப்போது யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களிலும் சுப்பர் மார்க்கெற்றுகள் வந்துவிட்டன. கடையின் சொந்தப் பெயரில் பருப்பு, கடலை, பயறு, சீனி என்று பொதிகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலிவு என்பதற்காக அவை கூடாதவை என்று நினைக்க வேண்டாம். மலிவு என்பதற்காக உடனே கூடைக்குள் போடவும் வேண்டாம். கீழ்வரும் விடயங்களைக் கவனியுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. ஒரே பொருள் உள்ள பொதியில் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். மைசூர்ப் பருப்புப் பொதிக்குள் இருப்பது மைசூர்ப் பருப்பு மட்டுமே. எந்தப் பெயரில் வந்தாலும் சத்து ஒன்றுதான். கல், தூசி, வண்டு இல்லாமல் சுத்தமாக இருந்தால் விலை குறைந்ததையே வாங்கலாம்.

2. பல பொருட்கள் கலந்த பேணி என்றால் வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் எது நிறையில் கூடியதோ அது முதலாவதாக இருக்கும். பீன்ஸ் பேணியில் பயறு முதலாவதாக இருக்க வேண்டும். பயறு எத்தனை வீதம் என்றும் சில பேணிகளில் எழுதியிருக்கும். இரண்டு பேணிகளில் வீதம் ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததே நல்ல தெரிவு.

3. ரின்மீன் வாங்கும்போது 'வடித்த நிறை' என்பதைத் தேடுங்கள். 425 கிராம் என்று எழுதிய இரண்டு பேணிகளில் ஒன்றில் மீன் 280 கிராமும், மற்றதில் 240 கிராமும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே விலை என்றாலும் பெறுமதி ஒன்றல்ல. எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. பொதியின் விலையைப் பார்க்காமல் 100 கிராமின் விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு பொதி 500 கிராம் 480 ரூபா, இன்னொரு பொதி 400 கிராம் 410 ரூபா. பார்த்தவுடன் இரண்டாவது மலிவாகத் தெரியும். 480ஐ 5ஆல் பிரித்தால் 100 கிராம் 96 ரூபா. 410ஐ 4ஆல் பிரித்தால் 102 ரூபா 50 சதம். ஆகவே முதலாவதே இலாபம். கைத்தொலைபேசியிலேயே இந்தக் கணக்கைப் போடலாம்.

5. பொதியின் உருவத்தை நம்ப வேண்டாம். நான் வழமையாக வாங்கும் பொதி ஒன்று நிறத்திலும் படத்திலும் மாறவில்லை. விலையும் கூடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் 500 கிராம் 400 ஆகியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து நிறையை வாசிக்காமல் எதையும் எடுப்பதில்லை.

6. வீங்கிய பேணி, துருப்பிடித்த பேணி, விளிம்பிலோ பொருத்திலோ நசுங்கிய பேணி ஆகியவற்றை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான கிருமி நஞ்சு அதில் இருக்கலாம். உடைத்த பேணியில் மிச்சமிருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரூட்டியில் வையுங்கள். குளிரூட்டி இல்லாத வீட்டில் அன்றே முடிக்கக்கூடிய சிறிய பேணியே நல்லது.

7. பொதியில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பழுதான உணவு விற்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

வீட்டிலேயே செய்யும் பீன்ஸ்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் கௌபியில் "லண்டன் பீன்ஸ்" செய்து பார்த்தோம்.

தேவையானவை: கௌபி 250 கிராம், நன்கு பழுத்த தக்காளிப்பழம் 4, வெங்காயம் 1, உள்ளி 3 பல்லு, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, சர்க்கரை அல்லது சீனி 1 தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அளவாக.

கௌபியை இரவே ஊறப்போடுங்கள். ஊறினால் கெதியாக வேகும், விறகும் மிச்சம். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். நன்றாக வெந்த பிறகே தக்காளி சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் புளிப்பினால் பயறு வேகாமல் கடினமாக நிற்கும். வேறு சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி வதக்கி, நறுக்கிய தக்காளியைக் கரைய விடுங்கள். மிளகாய்த்தூள், சர்க்கரை, உப்பு சேர்த்து வெந்த கௌபியைக் கொட்டுங்கள். ஒரு பிடி பயறை அகப்பையால் மசித்துவிட்டால் சாறு தடிக்கும். பத்து நிமிடம் சிறு நெருப்பில் விட்டு இறக்குங்கள்.

250 கிராம் கௌபி அவிந்தால் அரைக் கிலோவுக்கு மேல் வரும். பாண், ரொட்டி, புட்டு எதனோடும் சாப்பிடலாம். சாப்பிடும்போது கொஞ்சம் தேசிப்புளி விட்டால் பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது அதைத் தடுக்கும். எனவே தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கௌபிக்குப் பதிலாகக் காய்ந்த சிவப்புப் போஞ்சி விதை வாங்கினால், ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, பின்னர் முற்றாக வேகும்வரை அவிக்க வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல

2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் விலை ஏறும் வேகம் குறைந்தாலும், கூலி அந்த அளவுக்கு உயரவில்லை என்பதைத் தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி நேரத்தில் பெரும்பாலும் முதலில் குறைவது முட்டை, மீன், பயறுதான். அதிலும் தாயின் கோப்பையில்தான் முதலில் குறையும்.

கடையில் நின்று பொதியைத் திருப்பித் திருப்பி வாசிக்க எங்களில் பலருக்கு வெட்கம். பின்னால் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். நிவாரண வரிசையில் நின்ற காலத்தில் தந்ததை வாங்கினோம், தெரிவு செய்ய இடமிருக்கவில்லை. இன்று கையில் இருப்பது சொற்பமானாலும் எங்கள் உழைப்பின் காசு. எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை எங்களுடையது. அதற்கு இரண்டு நிமிடம் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கச்சியின் மூத்தவன் முதல் வாய் வைத்ததும், "இது லண்டன் பீன்ஸ் இல்லை" என்று கண்டுபிடித்துவிட்டான். ஆனாலும் மூன்று துண்டுப் பாணைத் தின்றான். பேணி இனி வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒன்று, அதுவும் கடையின் சொந்தப் பெயரில் உள்ள மலிவானது என்று மகனோடு பேசி வைத்திருக்கிறாள். கிழமையில் மூன்று நாள் கௌபியோ கடலையோ பாசிப்பயறோ அவிகிறது. முன்பு பிள்ளைகளுக்கு மட்டும் போட்டுவிட்டு வெறும் பாண் தின்றவள், இப்போது தானும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் சமையலறையில் இருக்கும் ஒரு பொதியை இன்றே எடுத்து நிறை, சேர்மானம், 100 கிராமின் விலை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். எந்தக் கடையில் எது மலிவு, எது சுத்தம் என்று பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால், பத்து வீட்டுப் பிள்ளைகளின் கோப்பையிலும் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.