தெருக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால்

சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். "மகன் பள்ளியால வரேக்கை ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டான். வைச்சிருக்கலாமோ?" என்பது அவருடைய கேள்வி. அன்று நேரம் போதாமல் அரைகுறையாகப் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் என்றால் இது ஒரு கேள்வியே இல்லை. ஒழுங்கையில் நின்ற குட்டிக்கு ஒரு பிடி சோறு வைத்தால் அன்றிலிருந்து அது வீட்டு நாய். பெயர் ஜிம்மி அல்லது வீமன். படுக்கை திண்ணையில். ஹொல்ஸ்டெப்ரோவில் அப்படி இல்லை. ஸ்டோரோ ஆற்றங்கரையில் தனியே ஒரு குட்டி நின்றால் அநேகமாக அது யாரோ ஒருவரிடமிருந்து தப்பி வந்த குட்டி. டென்மார்க்கில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் எட்டுக் கிழமை வயதுக்கு முன் தோலுக்குக் கீழே ஒரு சிப் வைத்து, நாய்ப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம். மிருக வைத்தியர் கருவியைக் கழுத்துப் பக்கம் பிடித்தால் இலக்கம் தெரியும்; இலக்கத்தை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே பொலிசின் 114 இலக்கத்துக்கு அறிவியுங்கள். குட்டி காயப்பட்டோ சுகவீனமாகவோ இருந்தால் மிருகப் பாதுகாப்புச் சங்கத்தின் 1812 இலக்கத்துக்கு எடுங்கள். மகன் அழுவான். அதற்காக இரண்டு நாள் ஒளித்து வைத்துப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு வீட்டிலும் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

அப்படியானால் உண்மையான தெருக்குட்டி இங்கே எப்படி வருகிறது? பெரும்பாலும் ருமேனியா, ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து, அங்கே நாய்களை மீட்கும் அமைப்புகள் ஊடாக. சிலர் விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் ஒரு குட்டியில் மனம் வைத்துவிட்டு, கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கொண்டுவரலாம், ஆனால் கையோடு அல்ல. இலங்கையிலிருந்து வரும் நாய்க்கு முதலில் சிப், பிறகு பன்னிரண்டு கிழமை வயதுக்கு மேல் விசர்நோய்த் தடுப்பூசி, ஆகக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதக் காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் குட்டிக்கு ஏழு மாதம் ஆகிவிடும். இது வீண் கெடுபிடி அல்ல. டென்மார்க்கில் நரிகளிடையே விசர்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1982இல். நோய் தொற்றிய நாய் வெளிக்கு ஒன்றும் காட்டாமல் மாதக்கணக்கில் திரியலாம். ஊரில் விசர்நாய்க்கடி என்ற சொல்லுக்கு எவ்வளவு பயந்தோம் என்பதை நாங்கள் மறந்திருக்க முடியாது. அங்குள்ள குட்டிக்கு உதவ விரும்புகிறவர்கள் அங்கேயே அதற்கு ஊசியும் கருத்தடையும் செய்விக்கக் காசு கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொரு விடயம். 2010இலிருந்து இங்கே பதின்மூன்று நாயினங்களும் அவற்றின் கலப்புகளும் தடை. பிட்புல்லும் தோசாவும் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டவை. கங்கால், கொக்கேசிய ஆட்டு நாய் போன்ற பெரிய காவல் நாய்கள் பிறகு சேர்ந்தன. தெருக்குட்டிக்குத் தாய் தகப்பன் யார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பொலிசுக்குச் சந்தேகம் வந்தால், அது தடைசெய்த இனம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நிரூபிக்க முடியாமல் போனால் நாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெரிய தலையும் தடித்த காலுமாக இருக்கிற குட்டியைப் படத்தில் பார்த்துவிட்டு உடனே சம்மதிக்காதீர்கள். நாய்க்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். வாடகை வீடு என்றால் வீட்டுச் சங்கத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

இனி வீட்டுக்கு வந்த கதை. எங்கள் வீட்டுக்கும் ருமேனியாவிலிருந்து ஒன்று வந்தது, ஐந்து மாதப் பெட்டைக்குட்டி. "மிகவும் அமைதியானது" என்று சொல்லித்தான் தந்தார்கள். அமைதி உண்மைதான். ஒன்பது நாள் சோபாவுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வரவில்லை. இரவில் நாங்கள் படுத்த பிறகு வந்து சாப்பிட்டுவிட்டு, கம்பளத்தில் மூத்திரம் பெய்துவிட்டு, திரும்பப் போய்விடும். பத்தாம் நாள் மனைவி சொன்னா, "இதுவும் பாவம், நாங்களும் பாவம். திருப்பிக் குடுப்பம்." நானும் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

எங்கள் பிழை அன்புதான். பிள்ளைகள் மூவரும் மாறி மாறிக் குனிந்து கூப்பிட்டார்கள். சனிக்கிழமை குட்டி பார்க்க என்று இரண்டு குடும்பம் வந்தது. குட்டியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நாய்க்கு உலகத்தைப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமை வரை. அந்தக் காலத்தில் பார்த்ததை அது சாதாரணம் என்று எடுக்கும். பார்க்காததைப் பிறகு பயத்தோடுதான் பார்க்கும். எங்கள் குட்டி அந்தக் கிழமைகளில் வீட்டின் உட்புறத்தையே கண்டதில்லை. படிக்கட்டு, தூசு உறிஞ்சி, உடுப்புத் தோய்க்கும் மெசின் எல்லாம் புதிது. அதற்கு மேல் தமிழ் வீடு. பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது, மிக்சி அலறுகிறது, ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் நாங்கள் கதைக்கிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும்.

திருப்பிக் கொடுக்கு முன் மிருக வைத்தியரிடம் போனோம். அவர் மருந்து ஒன்றும் தரவில்லை. "இரண்டு கிழமைக்கு அதைப் பார்க்காதீர்கள்" என்றார். ஒரு மூலையில் மூன்று பக்கமும் மறைந்த படுக்கை. அதற்குள் யாரும் கை நீட்டக்கூடாது. விருந்தினர் வேண்டாம். ஒருவர் மட்டும் தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நிலத்தில் முதுகைக் காட்டி இருக்க வேண்டும். அந்த வேலை அம்மாவுக்குப் போனது. அவவுக்கு நாயில் விருப்பம் இல்லை. வீட்டுக்குள் நாயா என்று முதல் நாளே முகம் சுளித்தவ. ஆனால் நிலத்தில் இருந்து மரக்கறி வெட்டுவது அவவின் பழக்கம், குட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டா. ஆறாம் நாள் அது வந்து அவவின் சேலைத் தலைப்பை மணந்து பார்த்தது. சாமியறைக்கு மட்டும் வரக்கூடாது என்று கதவில் ஒரு தடுப்பு வைத்தோம்.

மூத்திரப் பழக்கம் பலருக்கும் பெரிய தலையிடி. நித்திரை எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடியதும் உடனே வெளியே. சின்னக் குட்டி என்றால் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது. வெளியே பெய்தால் அந்த நிமிடமே ஒரு துண்டு இறைச்சி. உள்ளே பெய்தால் பேசாமல் துடையுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது ஊர்ப் பழக்கம். அதனால் குட்டி படிப்பது உங்களுக்குப் பயப்பட மட்டும்தான், பிறகு கதிரைக்குப் பின்னால் ஒளித்துப் பெய்யும்.

வெளியே கொண்டுபோகும்போது முதல் மாதங்களில் கழுத்துப் பட்டியும் நெஞ்சுப் பட்டியும் இரண்டும் போட்டு, இரண்டிலும் கயிறு பிடியுங்கள். பயந்த குட்டி பின்பக்கமாக இழுத்தால் கழுத்துப் பட்டி தலையால் கழன்றுவிடும். இடம் தெரியாத ஊரில் ஓடிய நாயைப் பிடிப்பது சுலபமில்லை. டிசம்பர் கடைசியில் வாணவெடி தொடங்கினால் இது இன்னும் முக்கியம். புதுவருட இரவுக்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து வானொலியைப் போட்டு விடுங்கள். (எங்கள் வானொலி என்றால் சந்தோசம்.)

சாப்பாட்டில் எங்கள் வீடுகளுக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. ஊர் நாய் கறிச்சோறு தின்று வாழ்ந்ததுதானே என்பார்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தின் செங்கலங்களை உடைக்கும்; எங்கள் எந்தக் கறியில் அது இல்லை? முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே கேசரி, பாயாசம் வேண்டாம். சொக்லேட் கூடாது. பிள்ளைகளின் சீனியில்லாத சுயிங்கத்தில் இருக்கும் சைலிற்றோல் கொஞ்சமே ஆபத்து. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலில் குத்தும். கேட்டுக் கெஞ்சினால் உப்பில்லாமல் அவித்த சோறும் கோழியும் கொஞ்சம் கொடுக்கலாம். தெருவில் வளர்ந்த குட்டிக்குப் பூச்சி இருக்கும். மருந்து கொடுத்து முடியும் வரை பிள்ளைகள் தொட்டால் கை கழுவ வேண்டும்.

எங்கள் குட்டிக்கு இப்போது நான்கு வயது. பேரூந்தைக் கண்டால் இன்னும் காலுக்குள் ஒதுங்கும், அது மாறாது போலிருக்கிறது. பிரஷர் குக்கர் மூன்றாம் விசில் அடித்தால் மட்டும் அடுப்படிக்கு வந்து அம்மாவுக்குப் பின்னால் இருக்கும்.

தொலைபேசியில் கேட்ட தாய் பிறகும் ஒருமுறை எடுத்தார். மகன் கொண்டுவந்த குட்டி இரண்டு தெரு தள்ளி ஒரு டெனிஸ் வீட்டுக்காரருடையதாம். சனிக்கிழமைகளில் மகன் அதை நடத்திக்கொண்டு போகிறானாம்.