கோய் குளத்தில் நடப்பது சண்டையா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி கோயிலின் மேல்தளத்தில், 30.2 மீட்டர் உயரமுள்ள குவான் யின் வெண்கலச் சிலைக்கு அருகே ஒரு மீன்குளம் உண்டு. தீனி தண்ணீரில் விழுந்த நொடியே கோய் மீன்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து முட்டி மோதும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது சண்டையாகத்தான் தெரியும். வீட்டு முற்றத்தில் குளம் கட்டி வளர்ப்பவர்களின் கவலையோ இன்னும் பெரியது. நேற்றுவரை ஒற்றுமையாக நீந்திய மீன்கள், இன்று விடியற்காலையில் ஒரே ஒரு மீனை மட்டும் விரட்டுகின்றன. அதன் செதில்கள் பெயர்ந்திருக்கின்றன. விரட்டும் முரடனைப் பிடித்து யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். கோய் சண்டைக்கார மீன் அல்ல. கெண்டை இனத்தைச் சேர்ந்த அது கூட்டமாக வாழும். ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு காவல் காக்காது. அதன் தாடையில் பல்லே இல்லை. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன, அவை நத்தையை நொறுக்கப் பயன்படும். இன்னொரு மீனைக் கடித்துக் குதற அவை உதவாது. சண்டை எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் சயாமியப் போர்மீனின் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டாலே போதும். துடுப்புகள் கிழிந்து தொங்கும்.  

அப்படியானால் விடியற்காலை விரட்டல்? அது இனப்பெருக்கம். முட்டை முதிர்ந்த பெண் மீன் தண்ணீரில் ஒரு வேதிக் குறிப்பை விடுகிறது. கோய்க்கு நெருங்கிய உறவான தங்க மீனில் இதை ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை உணர்ந்த ஆண்கள் மூன்று நான்காகச் சேர்ந்து அதன் பின்னால் போய், வயிற்றில் முட்டி, சுவரோரமாகவும் செடிகளுக்குள்ளும் நெருக்கும். அந்தப் பருவத்தில் ஆணின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் சிறு முண்டுகள் எழும்பி, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். செதில் பெயர்வது இந்த உரசலாலும், குளத்துச் சுவரின் கூர்மையான கல்லாலும்தான். பெண் மீன் தன் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு லட்சம் முட்டை சுமக்கும். ஒரே பெண்ணும் பல ஆண்களும் உள்ள குளத்தில் அதன் பாடு பரிதாபம்.

கோய் வளர்ப்பின் தாயகம் ஜப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்கள். அங்கே பனிக்காலம் முடிந்து தண்ணீர் சூடேறும்போது மீன்கள் முட்டையிடும்; வளர்ப்பவருக்கு மாதம் தெரியும். பினாங்கில் அந்த நாள்காட்டி செல்லாது. வெயில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஒன்றுதான். பெருமழை கொட்டித் தண்ணீர் திடீரெனக் குளிர்ந்தாலே விரட்டல் தொடங்கலாம், எந்த மாதத்திலும். ஜப்பானியக் கையேட்டைப் பார்த்து "இது பருவமே இல்லையே" என்று நோயைத் தேடுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

உண்மையான ஆபத்து விரட்டல் நடக்கும் விடியற்காலை நேரத்தில் இருக்கிறது. 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். குளத்துப் பாசியும் செடிகளும் இரவெல்லாம் அதைச் செலவழிக்க, விடியும்போது இருப்பு மிகக் குறைவு. அந்த வேளையில்தான் மீன்கள் மூச்சிரைக்க ஓடுகின்றன. ஓட்டம் முடிந்ததும் முட்டையும் விந்தும் தண்ணீரில் அழுகி அம்மோனியாவை ஏற்றும். அமிலகாரக் குறியீடு 7-இலிருந்து 8-க்கு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். விரட்டலில் பிழைத்த பெண் மீன் மறுநாள் சாவதற்கு இதுவும் காரணமாகலாம்.

தீனிப் போட்டி வேறு கதை. கெண்டை மீன்களிலும் துணிச்சல்காரர்களும் கூச்சக்காரர்களும் உண்டு. ஃபெலிசிட்டி ஹன்டிங்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்தைத் துணிந்து ஆராயும் கெண்டைகளே போட்டியிலும் தீனியை முதலில் எட்டின. பின்தங்கும் மீனுக்காகத் தீனியைக் குளத்தின் இரண்டு மூன்று இடங்களில் பரப்பித் தூவினால் போதும்.

ஒரு மீன் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் உரசினாலோ, அடிக்கடி தாவிக் குதித்தாலோ, அது ஒட்டுண்ணியின் வேலையாகவோ குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினின் எரிச்சலாகவோ இருக்கக்கூடும். மற்ற மீன்கள் ஒன்றையே ஓயாமல் முட்டுகின்றன, ஆனால் முட்டையிடும் அறிகுறி ஏதும் இல்லை என்றால், முட்டுப்படும் மீனைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அது ஏற்கெனவே நோயால் தளர்ந்திருக்கலாம்.

விரட்டல் தொடங்கிவிட்டால் முதலில் காற்றுப் பம்பைக் கூட்டி வைக்க வேண்டும். தீனியை நிறுத்திவிட வேண்டும். களைத்த பெண் மீனை வலைத்தடுப்புக்கு அப்பால் ஒதுக்கலாம். மறுநாள் அம்மோனியாவை அளந்து, குளோரின் நீக்கிய தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். முழுக் குளத்தையும் ஒரே மூச்சில் குழாய்த் தண்ணீரால் நிரப்புவது மீன்களைக் கொல்லும். குஞ்சு வேண்டுபவர்கள் முட்டை ஒட்டிய செடிகளையோ நைலான் இழைகளையோ அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. பினாங்கு வெப்பத்தில் அவை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குளத்திலேயே விட்டால் பெற்றவர்களே பெரும்பாலானவற்றைத் தின்று தீர்ப்பார்கள்.