மலைநாட்டுத் தோட்டப் பாதையும் கொங்கிறீற்றும்

பாதை எதுவாயினும் அது செல்லும் நிலத்தின் இயல்பையும் அந்நிலத்துப் பெய்யும் மழையின் அளவையும் அறிந்து அமைக்கப்படல் வேண்டும். சமவெளியிற் பல்லாண்டு நிலைத்த பாதையின் அளவுகளை அவ்வாறே மலைச் சரிவுக்குக் கொண்டு செல்வோர், இரண்டொரு மழைக்காலங்களுக்குள் தம் உழைப்பின் சிதைவைக் காண்பர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிற் கொங்கிறீற்றுப் பாதை அமைப்போர்க்கு நேரும் இடர்கள் எவை, அவற்றை வெல்லும் வழிகள் எவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

மலைநாட்டுப் பெருந்தெருக்களின் வரலாறு தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் (1824–1831) விரிவுபெறத் தொடங்கியது. அவர் காலத்திற் பாதை வேலையிற் புகுந்த தோமஸ் ஸ்கின்னர் பின்னர்ப் பல்லாண்டு அப்பணியிலேயே ஈடுபட்டார். கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தே மலையேறினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1885 இற் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. இவ்வாறு பெருவழிகள் வளர்ந்தபோதும், தோட்டத்தின் உட்பாதைகள் தொழிற்சாலையையும் துரையின் பங்களாவையும் கொழுந்து மடுவத்தையும் நோக்கியே வகுக்கப்பட்டன. தொழிலாளர் வாழ்ந்த லயங்களுக்குச் சென்றவை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைகளும் கற்படிகளுமே. நோயாளரையும் பிள்ளைப்பேற்று வேதனையுற்ற பெண்களையும் தோளிலே சுமந்து பெருந்தெரு சேர்க்க வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று. ஆதலின் லயத்துக்குச் செல்லும் பாதையொன்று உறுதியாக நிற்றல் சிலவேளைகளில் உயிர்காக்கும் காரியமுமாகும்.

இம்மலைநாட்டின் காலநிலைக் கடுமை எத்தகையது? நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும், அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைத் தளிரைக் கருக்குவதுண்டு. எனினும் அப்பனி காலையிற் கதிரவன் எழ மறைந்துவிடும். குளிர்நாடுகளிற் போல மண் ஆழமாக உறைந்து பாதையைப் பெயர்த்தெறிதல் இங்கு இல்லை. இங்குப் பாதையின் முதற்பகை மழையே. தென்மேல் பருவக்காற்று நேரே மோதும் வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றர் அளவினதாகும். யாழ்ப்பாணத்தில் ஓராண்டிற் பெய்யும் மழையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இது. மூன்று மீற்றர் அகலமும் நூறு மீற்றர் நீளமுமுள்ள பாதையொன்றின்மீது ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீற்றர் மழை பெய்யின், அப்பாதையின் மேற்பரப்பில் மட்டும் 7,500 லீற்றர் நீர் சேரும். மேற்சரிவிலிருந்து பாய்ந்து வரும் நீர் இக்கணக்கில் அடங்காது.

இந்நீர் மூன்று வழிகளிற் பாதையைக் கெடுக்கும். மேலே ஓடிப் பரப்பை அரிக்கும். ஓரத்தில் விழுந்து தளத்தின் விளிம்பைத் தோண்டும். வெடிப்புகளினூடே அடியிற் புகுந்து மண்ணைக் குழம்பாக்கும். மூன்றாவதே மிகக் கொடிது. கொங்கிறீற்று அழுத்தத்தை நன்கு தாங்கும். வளைவைத் தாங்கும் வலி அதற்குக் குறைவு. அடிமண் கரைந்து வெற்றிடமான பின்னர், அதன்மேற் கொழுந்து லொறி ஏறுங்கால் தளம் பலகைபோல வளைய முயன்று முறியும். முறிந்த தளத்தைக் காண்போர் சீமெந்தையே பழிப்பர். பல சமயங்களிற் குறை தளத்தின் அடியிலேயே இருந்திருக்கும்.

எனவே மலைநாட்டிற் பாதை வேலை கானிலிருந்து தொடங்குதல் வேண்டும். தேயிலைத் தோட்டத்தார்க்கு இது புதிய பாடமன்று. சரிவின் மண் அடித்துச் செல்லப்படாதவாறு மலைக்குக் குறுக்காகக் கான் வெட்டுதலும், வெட்டிய கானை மழைக்கு முன் வாருதலும் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலைகளாம். அவ்வறிவையே பாதைக்கும் பயன்படுத்தல் தக்கது. மலைப்பக்கத்திற் கல்லாலோ கொங்கிறீற்றாலோ கட்டிய கான் ஒன்று பாதை நெடுகிலும் செல்ல வேண்டும். அதில் நீர் பெருகி வழியுமுன், இடையிடையே மதகுகள் அமைத்து நீரைப் பாதையின் கீழாகக் கடத்த வேண்டும். பாதையின் மேற்பரப்பு முழுவதும் கானை நோக்கி ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் சாய்ந்திருத்தல் நன்று.

அடுத்தது அடித்தளம். தேயிலை விளையும் மண் களிப்பாங்கானது. அமிலத் தன்மை உடையது. மேலுள்ள இலைமக்கும் வேரும் நிறைந்த மண்ணை முற்றாக அகற்றி, உறுதியான மண் தோன்றும்வரை தோண்ட வேண்டும். அதன்மேற் கருங்கற் சல்லியை 100 முதல் 150 மில்லிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, நன்றாக இறுக்க வேண்டும். இப்படை பாரத்தைப் பரவச் செய்யும். அடியிற் புகுந்த நீர் வெளியேற வழியும் தரும். பள்ளத்தை நிரப்பிய புதுமண்ணின்மேல் உடனே தளமிடுதல் பெருந்தவறு. அம்மண் மழையிற் படிந்து தாழ்ந்து, தளத்தை அந்தரத்தில் விட்டுவிடும். சல்லியின்மேற் பொலித்தீன் விரிப்பின், கொங்கிறீற்றின் ஈரத்தை நிலம் உறிஞ்சாது. அமில நீரும் அதனை எளிதில் தீண்டாது.

கொங்கிறீற்றுக் கலவையின் இயல்பையும் அறிதல் வேண்டும். பாண்ஸ் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்த அதே 1824 இல், இங்கிலாந்தில் யோசேப்பு அஸ்ப்டின் என்பார் போட்லந்துச் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். சீமெந்து காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது நீருடன் இரசாயன முறையிற் சேர்ந்தே கல்லாகின்றது. இச்சேர்க்கைக்கு வேண்டிய நீர் சிறிதே. மிகுதியாக ஊற்றிய நீர் பின்னர் வெளியேற, அது நின்ற இடங்கள் நுண்டுளைகளாக எஞ்சும். நீர்-சீமெந்து விகிதம் கூடக் கொங்கிறீற்றின் வலிமை குன்றும் என்பதை 1918 இல் அமெரிக்கரான டவ் ஏபிராம்ஸ் தெளிவாக எடுத்துக்காட்டினார். 50 கிலோகிராம் சீமெந்துப் பையொன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் நீர் சேராதிருத்தல் நலம். மலைநாட்டில் மணல் பெரும்பாலும் நனைந்தே கிடப்பதால், மணலிலுள்ள ஈரத்தையும் இவ்வளவினுள்ளே கணக்கிட வேண்டும். வாரி இழுப்பதற்கு எளிதென்று கலவையைக் கஞ்சிபோல ஆக்குதல் பாதையின் ஆயுளைக் குறைப்பதாகும்.

லொறி ஓடும் பாதைக்குச் சீமெந்து ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, சல்லி மூன்று பங்கு என்ற கலவையும் 150 மில்லிமீற்றர் கனமும் ஏற்றவை. மூன்று மீற்றர் அகலத்தில் நூறு மீற்றர் பாதைக்கு இக்கனத்தில் 45 கனமீற்றர் கொங்கிறீற்றும், ஏறத்தாழ 360 பைச் சீமெந்தும் செல்லும். செலவு பெரிதாதலாற் கனத்தைக் குறைக்க விரும்புவோர் உளர். கனத்தைக் குறைப்பதிலும், சக்கரம் உருளும் இரு பட்டைகளை மட்டும் முழுக் கனத்திலிட்டு நடுவிற் கல் பாவுதல் மேலானது.

சரிவிலே தளமிடுவோர் கீழிருந்து மேல்நோக்கி இடுதல் வேண்டும். மேலிருந்து தொடங்கினாற் புதுக்கலவை தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி நழுவும். செங்குத்தான இடங்களில் நிலத்திற் குறுக்காகச் சால் வெட்டி, அதனையும் கொங்கிறீற்றால் நிரப்பித் தளத்தோடு ஒன்றாக்கினால், அது மண்ணைப் பற்றிய பல்போலத் தளத்தை நிறுத்தும். கொங்கிறீற்று இறுகுங்காற் சுருங்கும், சுருங்குவது வெடிக்கும். அவ்வெடிப்பைத் தடுத்தல் அரிது. அது தோன்றும் இடத்தை வகுத்தல் எளிது. நான்கு மீற்றருக்கு ஒன்றாகத் தளத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு மூட்டு வெட்டி, பின்னர் அதனைத் தாரால் அடைத்தல் வேண்டும். மேற்பரப்பைக் கண்ணாடிபோல மினுக்குதல் ஆகாது. பாசியும் ஈரமும் படிந்த மலைப்பாதையில் அது மனிதரையும் வண்டியையும் வழுக்கி வீழ்த்தும். ஈர்க்குத் தும்புத்தடியாற் குறுக்கே கீறிவிடுதல் போதுமானது.

இறுதியாக, ஈரங்காத்தல். இட்ட தளத்தை ஏழு நாளாவது நனைந்த சாக்கினாலோ பொலித்தீனாலோ மூடிவைக்க வேண்டும். வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குங்கால் இறுகுதல் மிகவும் மந்தமாகுமாதலின், நுவரெலியாவின் குளிர்மாதங்களில் மேலும் சில நாள் காத்தல் வேண்டும். மழை பெய்கின்றதே, வேறு நீர் எதற்கு என்பது போலி நியாயம். இட்டவுடன் பெய்யும் பெருமழை மேலுள்ள சீமெந்தைக் கழுவிச் செல்லும். மறுநாள் வீசும் மலைக்காற்றோ தளத்தை விரைவில் உலர்த்திவிடும். இரண்டுக்கும் மருந்து மூடாக்கே. கொங்கிறீற்றின் வலிமை 28 நாட் கணக்கில் அளக்கப்படுவது. மூன்றாம் நாளில் லொறியை ஏற்றுவோர் பிள்ளையின் தலையிற் பாரமேற்றுவோரை ஒப்பர்.

பாதையிலிருந்து வெளியேறும் நீர் எங்கே செல்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. மண்பாதை மழையின் ஒரு பகுதியை உறிஞ்சும். கொங்கிறீற்றோ பெரும்பாலும் முழுவதையும் கொட்டிவிடும். அந்நீரை ஒரே இடத்திற் சரிவின்மேல் விட்டால், அங்கே மண் நனைந்து கனத்துச் சரியும். அவ்விடத்தின் கீழே லயமொன்று இருப்பின் விளைவு கூறவேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதைகளைத் துண்டித்துப் பல உயிர்களைக் குடித்தமை யாவரும் அறிந்தது. அத்தகைய பேரூழிக்குப் பாதையொன்றே காரணமென்பது பொருந்தாது. எனினும் கானின் நீரைக் கற்கட்டிய வழியால் ஓடைவரை கொண்டு சேர்த்தல் பாதை அமைப்போரின் கடமையாகும்.

பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் தம் பணியை விரிக்க இடந்தந்து, 2018 இற் சட்டம் திருத்தப்பட்டது. நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையில் மட்டும் இருந்த பாதைகளுக்குப் பொதுப்பணம் செல்ல இதனால் வழி பிறந்தது. அப்பணம் ஒரு மழைக்காலத்திற் கரைந்தோடுமாயின் மறுமுறை கிடைத்தல் அரிது. ஆகவே திறப்பு விழாவிற் புதுத்தளத்தின் வெண்மையைக் கண்டு மகிழ்வதோடமையாது, அருகே கான் உண்டா, மதகு உண்டா, அந்நீர் ஓடை சேர்கின்றதா என்று வினாவுதல் கற்றோர்க்கு அழகு. ஆண்டுதோறும் ஆனி மழைக்கு முன்னே மண்வெட்டி கொண்டு கானை வாரி, மூட்டுக்குத் தாரிட்டு வருவார் உள்ள ஊரில், அப்பாதை இன்னொரு தலைமுறையின் பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் சேர்க்கும்.