செக்கப்புக்கு முந்தின ராத்திரி

செக்கப்புக்கு நாலு நாள் இருக்கும்போதே அக்கா மஞ்சப்பையை எடுத்துவிடுவாள். அடியில் பயாப்ஸி ரிப்போர்ட், அதற்கு மேல் ஆபரேஷன் முடிந்து தந்த சம்மரி, கீமோ சீட்டுகள், கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த கணக்கு, கடைசியாக எடுத்த மேமோகிராம். எல்லாம் வரிசையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி அடுக்குவாள். திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. நடுராத்திரி அடுக்களையில் லைட் எரிந்தால், ஆஸ்பத்திரித் தேதி நெருங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து நாலு வருஷம் ஆகிறது. "அதான் சரியாப் போச்சுல்லா, இன்னும் என்னத்துக்குப் பயப்படுதிய?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அக்காவுக்கோ, பயப்படுவதே தப்பு என்று சொன்னமாதிரி இருக்கும்.

தப்பு இல்லை, கோழைத்தனமும் இல்லை

நோய் திரும்பிவிடுமோ என்ற இந்தப் பயத்தை மருத்துவ உலகம் தனியாகவே ஆராய்ந்து வருகிறது. 13 நாடுகளில் புற்றுநோய் வந்த 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய விவரங்களை 2022-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தப் பயம் மிதமாகவோ அதற்கு மேலோ இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. இளவயதினருக்கும் பெண்களுக்கும் கூடுதல். நாளாக நாளாகத் தானே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். பலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

சிகிச்சை நடக்கும்போது வாராவாரம் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், ஏதோ ஒரு மருந்து ஏறுகிறது. அது முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் தனியாக நிற்கிறது. பயத்தைக் கிளப்ப ரொம்பச் சின்ன விஷயம் போதும். தெருமுனைச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், கூடவே கீமோ ஏற்றிக்கொண்ட ஒருத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் பயம் இரண்டு விதமாக ஆளைப் பிடிக்கும். சிலர் நாளைக்குப் பத்துத் தடவை கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். சிலர் செக்கப்புக்கே போகாமல் தள்ளிப்போடுவார்கள். எனக்குக் கவலையெல்லாம் இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

குறுக்குத்துறையில் நடப்பது

தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1992-இல் வெள்ளம் வந்தது, 2023 டிசம்பர் 17, 18-இல் வந்தது; இனியும் வரலாம். ஆனால் அங்கே யாரும் வருஷம் பூரா ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். எப்போது பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

அக்காவுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. தடவிப் பார்ப்பது மாதம் ஒரே நாள். டாக்டரிடம் போவது அவர் சொன்ன தேதியில். மார்பகப் புற்றுநோயில் முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த இரண்டு வருஷம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷம் ஒரு தடவை என்பது பொதுவான வழக்கம். மேமோகிராம் வருஷத்துக்கு ஒன்று. தொந்தரவே இல்லாதவர்கள் மனத் திருப்திக்காகக் கடன் வாங்கி பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

எந்த வலி, எத்தனை நாள்

போன வருஷம் அக்காவுக்கு முழங்காலும் விரல் கணுக்களும் வலித்தன. எலும்புக்குப் பரவிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாதம் மனசுக்குள்ளே வைத்திருந்தாள். கடைசியில் டாக்டரிடம் சொன்னபோதுதான், நோய் திரும்பாமலிருக்க அவள் தினமும் போடும் லெட்ரோசோல் மாத்திரைக்கே மூட்டு வலி வரும் என்று தெரிந்தது. முதல் வாரமே கேட்டிருந்தால் அத்தனை ராத்திரியும் தூங்கியிருப்பாள். வலிக்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இருந்தாளே, அதுவே பெரிய காரியம்.

புதிதாக வந்த வலியோ இருமலோ இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால், மறு செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். தழும்பின் பக்கத்திலோ அக்குளிலோ கழுத்திலோ புதுக் கட்டி, மூச்சு வாங்குவது, விடாத தலைவலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கு உடனே போக வேண்டும்.

வாயை அடைக்காதீர்கள்

"திரும்பி வந்துட்டா என்னட்டி செய்ய?" என்று அக்கா முதல் தடவை கேட்டபோது, "வாயைக் கழுவு, நல்ல வார்த்தை பேசு" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் என்னிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன தோணுது, சொல்லு" என்று கேட்டால் போதும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், வீட்டு வேலையே ஓடவில்லை என்றால், மனநல உதவி கேட்க வேண்டிய நேரம் அது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்தப் பயத்துக்கென்றே ஆஸ்திரேலியாவில் ஐந்து அமர்வு கொண்ட ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். 2017-இல் வெளிவந்த முடிவுப்படி, வெறும் தளர்வுப் பயிற்சி எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்குப் பயம் அதிகமாகக் குறைந்தது. அந்தப் பயிற்சியில் நினைப்பை விரட்டச் சொல்வதில்லை. அது வரும்போது அதன் பின்னாலேயே போகாமல் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்பப் பழக்குகிறார்கள்.

போன செக்கப்பில் அக்கா ஒரு சின்ன நோட்டு கொண்டுவந்திருந்தாள். முதல் பக்கத்தில் ஒரே கேள்வி: எனக்குத் திரும்பி வர வாய்ப்பு எவ்வளவு? நாலு வருஷமாகக் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை என்று சொல்லி, கட்டியின் வகை, நெறிக்கட்டி வரை பரவியிருந்ததா, என்ன சிகிச்சை எடுத்தாள் என்பதையெல்லாம் வைத்து டாக்டர் அவளுடைய நிலையைப் பொறுமையாக விளக்கினார். அக்கா பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ் சுலோச்சன முதலியார் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலோரம் இருந்தவள் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கொறைவாத்தான் கெடக்கு" என்றாள். மஞ்சப்பை என் மடியில் இருந்தது.