கடலின் கணக்கு – 11: இரண்டு பாட்டில்களும் ஒரு கட்டமும்

மதுரை மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் வண்டி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்கள். பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் மண்டபம் முகாமில் இறங்குகிறவர்கள் குறைவு. கடல் எவ்வளவு கார்பனை வாங்கிக்கொள்கிறது என்று கணக்குப் போடும் துறைக்கு இந்தியா கொடுத்த ஆரம்பகால எண்களில் சில அங்கேதான் குறிக்கப்பட்டன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் தடுத்து நிறுத்திப் பரிசோதித்த முகாம் அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் அங்கே குடியேறி, 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதையே தலைமையகமாக வைத்திருந்தது. 1950-களில் அதன் இயக்குநராக இருந்த என்.கே. பணிக்கர்தான் பிறகு, இன்று கோவாவில் இருக்கும் தேசிய கடலியல் நிறுவனத்தை 1966-இல் தொடங்கி நடத்தினார்.

மண்டபத்தில் அந்த நிலையத்தின் ஆர். ரகு பிரசாத்தும் பி.வி. ராமச்சந்திரன் நாயரும் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் எடுத்த நீரை இரண்டு பாட்டில்களில் நிரப்புவார்கள். ஒன்று வெளிச்சம் புகும் கண்ணாடி; மற்றது வெளிச்சம் புகாமல் இருட்டாக மூடியது. இரண்டிலும் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த கரைசலைத் துளியளவு விடுவார்கள். வெளிச்சத்தில் இருக்கும் பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, சாதாரணக் கார்பனோடு இதையும் சேர்த்து உடம்பில் கட்டிக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கிய பாசியின் கதிரியக்கத்தைக் கருவியில் எண்ணுவார்கள். இருட்டுப் பாட்டிலின் எண்ணைக் கழித்தால், அந்தக் கடல் எவ்வளவு கார்பனை உயிராக மாற்றுகிறது என்ற விடை வரும். டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952-இல் வெளியிட்ட முறை இது. பதினோரே ஆண்டில், 1963-இல், மன்னார் வளைகுடாவின் கணக்கு அச்சாகிவிட்டது. இந்த வேகம் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் பாசி வாங்கிய கார்பன் எங்கே போகிறது? பாட்டில் அதைச் சொல்லாது. பெரும்பகுதி மேல்மட்டத்திலேயே தின்னப்பட்டு, மக்கி, மறுபடி மேல்நீருக்கே திரும்பிவிடும். ஒரு சிறு பங்குதான் ஆழத்துக்கு இறங்கும். அப்படி இறங்கியது பல நூறு ஆண்டுகள் மேலே வராது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. கடலில் மொத்தம் தேங்கியிருக்கும் கார்பன் சுமார் 38 லட்சம் கோடி டன்; காற்றில் இருப்பதைப்போல 40 மடங்குக்கும் மேல். இந்தப் பெட்டகம் எப்படித் திறந்து மூடுகிறது என்பதை நீரோட்டம் தீர்மானிக்கிறது. அதனால்தான் கணினி மாதிரி தேவைப்பட்டது.

சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் கடலையும் காற்றையும் இணைத்த மாதிரியை 1969-இல் வெளியிட்டார்கள். மனாபேவுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரையன் தொடங்கிய கடல் மாதிரியின் வழித்தோன்றலான 'மாம்' நிரலை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் பயன்படுத்துகிறது.

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், உப்பு, நீரோட்டம், கார்பன் ஆகியவற்றைக் கணக்கிட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவதுதான் மாதிரி. ஒரு பாகைக் கட்டம் என்றால் பக்கத்துக்கு 110 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்குவதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். அதற்குள் நடப்பது எல்லாவற்றுக்கும் சராசரியாக ஒரே எண். அவ்வளவு பெரிய கட்டத்தில் பாக் நீரிணையே தொலைந்துபோகும், இலங்கை நம் கரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சிரமம் காலம். ஆழ்கடல் நீர் ஒரு சுற்று வர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். ஆகவே மாதிரிக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஓட்டி, அது ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் ஆய்வாளர் தன் கேள்வியையே தொடங்க முடியும். புனே வெப்பமண்டல வானிலையியல் நிலையத்தின் வினு வல்சலா, ஜப்பானில் பணிபுரிந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்ட மாதிரி இதற்கு ஒரு வழி காட்டியது: நீரோட்டத்தை வேறொரு மாதிரி முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும், இது கார்பனை மட்டும் சுமந்து செல்லும். அதற்கு முன்பே பெங்களூரு கணித மாதிரியாக்க மையத்தில் பி.எஸ். சுவாதி, எம்.கே. சாரதா, கே.எஸ். யாக்னிக் மூவரும் இந்தியப் பெருங்கடலுக்கென்றே இயற்பியல், உயிரியல், வேதியியல் மூன்றையும் இணைத்த மாதிரியை 2000-இல் வெளியிட்டிருந்தார்கள்.

நமக்கென்று தனி மாதிரி எதற்கு? நம் இரண்டு கடல்களும் ஒன்றுபோல் இல்லையே! தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரபிக்கடலின் மேற்கே கார்பன் செறிந்த அடிநீர் மேலெழுகிறது. 1990-களில் சாகர் கன்யா கப்பலில் போய் அளந்த வி.வி.எஸ்.எஸ். சர்மாவும் எம். திலீப் குமாரும், அரபிக்கடலின் நடுவும் கிழக்கும் ஆண்டு முழுவதும் கரியமில வாயுவைக் காற்றுக்கு விடுகின்றன என்று 1998-இல் எழுதினார்கள். வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் மேலே மூடிபோல் படர்ந்து, அடிநீரை எழவிடுவதில்லை. அதே ஆறுகளின் வண்டல் பாசித் துகள்களோடு ஒட்டிக்கொண்டு, கனம் கூட்டி, அவற்றை ஆழத்துக்கு இழுத்துப்போகிறது. வளமில்லாத கடல் என்று ஒதுக்கப்பட்ட வங்கக் கடலை அப்படி ஒதுக்க முடியாது என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ் குழுவும் 2004-இல் அளந்து காட்டியது.

மூடி, வண்டல், பருவக்காற்று இவை மூன்றையும் மாதிரி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கக் கடலில் எடுத்த அளவை வேண்டும். அது இந்தியப் பெருங்கடலில் மிகக் குறைவு. வங்கக் கடல் நடுவே அமிலத்தன்மையைத் தொடர்ந்து அளக்கும் மிதவை ஒன்று நங்கூரமிடப்பட்டதே 2013-இல்தான். 1985 முதல் 2018 வரையிலான கணக்குகளை ஒன்றுசேர்த்து சர்மா தலைமையில் 2023-இல் வந்த ஆய்வும் இந்தக் குறையோடுதான் மல்லுக்கட்டியது. கடற்கரை மாநிலமான நாம் இதை யாருக்கோ உரிய வேலை என்று விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் தியாகராசர் கல்லூரியிலும் கணிதமோ இயற்பியலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறை எட்டாத தூரம் இல்லை. கடலில் நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளில் பயமில்லாமல் இருக்க வேண்டும்; ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியைக் கற்க வேண்டும், ஏனென்றால் பெரிய கடல் மாதிரிகள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் இதற்கு இடம் உண்டு. தொடங்குவதற்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் ஆர்கோ மிதவைகளின் தரவு முழுவதும் இலவசம். இன்காய்ஸ் தளத்தில் வங்கக் கடலில் ஒரு மிதவையைத் தேர்ந்தெடுத்து, அதன் உப்பு அளவை ஆழம்வாரியாக ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நன்னீர் மூடி எத்தனை மீட்டர் கனம் என்பது அந்தக் கோட்டிலேயே தெரியும்.

(தொடரும்)