கப்பலேறிய முப்பாட்டன்

மணலி புதுநகரில் குடியிருப்போரிடம் சொந்த ஊர் எதுவென்று வினவினால், பெரும்பாலோர் வேறொரு ஜில்லாவின் பெயரையே சொல்லக் கேட்கலாம். பக்கத்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியதும், அதையடுத்து உரம், இரசாயனம் என்று ஆலைகள் பெருகியதும் எத்தனையோ குடும்பங்களை இந்தப் பக்கம் இழுத்துவந்தன. புதுநகரில் அய்யா வைகுண்டருக்குப் பதி எழுந்திருப்பதே, தென்கோடியிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் தங்கள் வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தார்கள் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. ஆயினும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் தாத்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள், திகைத்து நிற்பான். நாம் பெயருக்கு முன் இடும் ஓர் எழுத்து தகப்பனாரை மட்டுமே குறிப்பதால், தலைமுறை தோறும் ஒரு பெயர் ஏற, ஒரு பெயர் சப்தமின்றி உதிர்ந்துவிடுகிறது.

வமிச சரித்திரம் என்பது தனவந்தர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. இதே மணலியின் பெயரைத் தாங்கிய முத்துகிருஷ்ண முதலியார் பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னர் பிகட்டுக்குத் துபாஷாக இருந்தவர். பூக்கடையருகே சென்னகேசவர் ஆலயம் மீண்டும் எழக் காரணமானவர். இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். அவரை மறக்கவொட்டாமல் கோயிலும் சங்கீதமும் காத்து நிற்கின்றன. கூலிக்காரனுக்கு அத்தகைய சாசனம் ஏது என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப்போன ஏழைகளின் விஷயத்தில், அவர்களது பெயரும் ஊரும், மேனியிலிருந்த தழும்பும்கூட எழுத்தில் ஏறி, நூற்றைம்பது வருஷங்களுக்கும் மேலாக அழியாமல் இருக்கின்றன.

1860ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் 342 பேரைக் கொண்டு சேர்த்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போன முதற் கூட்டம் அதுவே. அன்று சென்னைக்கு இன்றைய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்திலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான், அலையின் மோதலுக்கு வளைந்து கொடுக்கும் அந்தப் படகுகளில்தான், ஜனங்களும் சரக்கும் கடலுக்குள் போயாக வேண்டும். இராயபுரத்தில் இராயப்பர் ஆலயத்தை எழுப்பியது அத்தகைய படகுத் தொழிலாளரின் சமூகம். அதுவரை கடலையே கண்டறியாத உள்நாட்டுக் குடியானவனும், கைக்குழந்தையை மார்போடு அணைத்த அவன் மனைவியும், அந்தப் படகில் கால் வைத்த கணத்தில் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1911வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று குமாஸ்தாக்கள் எழுதிவைத்த கப்பல் ஜாபிதாக்கள் இன்றும் ஆராய்வோருக்குக் கிடைக்கின்றன. இதேபோல் கூலிகள் போய்ச் சேர்ந்த மொரீஷியஸிலோ, மோகா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில், அங்கே குடியேறியவர்களின் புகைப்படங்களே இருக்கின்றன. அடையாளம் பார்த்துக் கணக்கு வைப்பதற்காக ஆதிக்க சர்க்கார் எடுத்த அந்தப் படங்களில், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் முகச்சாயலைத் தேடுகிறார்கள்.

தேடி வருவோருக்கு வழி எளிதன்று. நம்மவர் வாயால் சொன்ன ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் காதால் கேட்டபடி எழுதினார்கள்; நல்லூர், புதூர் என்றால் தாலுகாவுக்குத் தாலுகா உண்டு. வடஆற்காடு என்று பதிந்த ஊர் 1911இல் பிரிந்த சித்தூர் ஜில்லாவில் சேர்ந்து, இன்று ஆந்திரத்தில் இருக்கக்கூடும்; செங்கற்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா என்று கண்டதை இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தேட வேண்டும். இந்த இடத்தில்தான் காகிதம் கைவிட, குலதெய்வம் துணைக்கு வருகிறது. ஊரின் பெயர் சிதைந்தாலும், எந்த அம்மனுக்கு, எந்த ஐயனாருக்கு முடியிறக்கினார்கள் என்பதைச் சில குடும்பங்கள் கடல் கடந்தும் மறக்கவில்லை; அந்தக் கோயிலைக் கண்டுபிடித்தால் அங்கே கூடும் பங்காளிகளையும் கண்டுபிடித்துவிடலாம்.

கரையில் தங்கிவிட்ட நமக்குக் கப்பல் ஜாபிதா இல்லை. ஆனால் தகரப்பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரம் இருக்கிறது. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருடைய தகப்பனார் பெயரும் ஊரும் அதில் காணும். வேதக்காரர் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டு முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாமல் போகலாம். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னா பின்னா, 1914இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதற்கு முன்னா பின்னா, 1942இல் ஜப்பான்காரன் பயத்தில் பட்டணம் காலியானபோது தங்கள் பெரியவர்கள் எங்கே போனதாகக் கேள்வி என்று விசாரித்தால் ஞாபகம் தானாகப் பிடிபடும்.

“ஆயா, உன் கல்யாணத்துக்கு யார் யார் சீர் எடுத்து வந்தாங்க?” என்று கேட்டால், தாய்மாமன் தொடங்கி, வந்தவர்களின் ஊர், அவர்கள் ஏறிவந்த வண்டி, பந்தியில் நேர்ந்த மனஸ்தாபம் ஈறாக ஒரு கிளையே வெளிப்படும். நாம் எழுதிவைக்கும் வமிச விருட்சங்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே நிற்கின்றன. கப்பல் ஜாபிதாவிலோ, கூலிக்குப் போன பெண்ணின் பெயரும், அவளைப் பெற்றவன் பெயரும், அவள் பிறந்த கிராமமும் தனி வரியில் இருக்கின்றன. ஆகையால் நோட்டுப் புஸ்தகத்தோடு உட்காருகிறவர்கள் பாட்டியிலிருந்தே தொடங்கட்டும். அவள் பிறந்தது எந்த ஊர், அவளுடைய தாயின் பெயர் என்ன, அந்தத் தாய் எந்த ஊரிலிருந்து வாழ வந்தவள் என்பதை முதற் பக்கத்தில் எழுதட்டும்.