கொப்பியை மூடிவிட்டுப் படியுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கே, களப்பு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது கொக்கிளாய். 1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்ட மக்கள், போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பினார்கள். இடையில் கால் நூற்றாண்டு. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கொப்பி, புத்தகங்களை விட்டுவிட்டு ஓடிய பிள்ளைகள் பலர், இன்று பெற்றோராக இருக்கிறார்கள். நகரத்தில் கிடைக்கும் ரியூசன் வசதி இங்கே குறைவு. வகுப்பில் எழுதும் கொப்பிதான் பரீட்சை வரை கைகொடுக்க வேண்டும்.

கரும்பலகையில் உள்ளதை அப்படியே பார்த்தெழுதுவது எங்கள் பழக்கம். கை எழுதும், மனம் வேறெங்கோ நிற்கும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் போக் 1950களில் உருவாக்கிய முறை இதற்கு நல்ல மாற்று. அடிமட்டமும் பென்சிலும் போதும்.

பக்கத்தின் இடப்புறம் மூன்றில் ஒரு பங்கைக் கோடிட்டு ஒதுக்குங்கள். அடியில் ஐந்தாறு வரி இடம் விடுங்கள். வகுப்பில் வலப்புறம் மட்டும் எழுதுங்கள். ஆசிரியர் வாயால் சொல்லும் உதாரணங்களையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே இடப்புறத்தில் கேள்விகளை எழுதுங்கள். களப்புப் பற்றிய பாடம் என்றால், "மாரியில் களப்பு நீரின் உப்புத்தன்மை ஏன் குறைகிறது?" என்று எழுதலாம். அடியில் பாடத்தின் சாரத்தைச் சொந்த வசனத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

பிறகு வலப்புறத்தை ஒரு தாளால் மூடி, கேள்விக்கு வாய்விட்டு விடை சொல்லுங்கள். மழைநீரும் ஆற்றுநீரும் வந்து கலப்பதால் என்ற விடை வராவிட்டால் மட்டும் திறந்து பாருங்கள். அடுத்த நாளும், ஒரு கிழமை கழித்தும், ஒரு மாதம் கழித்தும் இதையே செய்யுங்கள்.

திரும்பத் திரும்ப வாசித்தால் போதாதா? ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இரு தடவை வாசித்த மாணவர்களுக்கு ஒரு கிழமையின் பின் 42 சதவீதம் நினைவில் இருந்தது. ஒரு தடவை வாசித்து, பின்னர் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஆனால் ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, இரு தடவை வாசித்தவர்களே முந்தினார்கள். வாசித்த உடனே எல்லாம் தெரிந்தது போல இருப்பதும், பரீட்சையில் மறந்துபோவதும் இதனால்தான்.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. போரால் படிப்பு இடையில் நின்றுபோன தாயோ தகப்பனோ, "எனக்கு இந்தப் பாடம் தெரியாது" என்று ஒதுங்கத் தேவையில்லை. கேள்வி இடப்புறம் இருக்கிறது, விடை வலப்புறம் இருக்கிறது. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாலே போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.